மலைக்கோட்டைப் படிகளில்

மருங்காபுரிப் பக்கத்து மக்கள் திருச்சிராப்பள்ளிக்குப் பயணப்படுவது பெரும்பாலும் மூன்று காரியங்களுக்காகவே: வைத்தியம், வழக்கு, கல்யாணத்துக்குத் துணி எடுத்தல். இம்மூன்றும் இன்றி ஊரைச் சுற்றிப் பார்க்கவென்று ஒருவர் பேருந்து ஏறினால், ‘கையிலே காசு மிஞ்சிவிட்டது போலும்’ என்று எங்களூரார் கேலி பேசுவர். நானும் அந்த வழக்கத்துக்கு விலக்கானவன் அல்லன். புனித வளனார் கல்லூரியில் பயின்ற மூன்றாண்டுகளும் மலைக்கோட்டையை நாள்தோறும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். குருவான பின்பு மறைமாவட்ட அலுவல்களுக்காக அதன் அடிவாரத்தை எத்தனை முறை கடந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு முறையேனும் ஏறியதில்லை.

ஏறாததற்குக் காரணம் அருகிலேயே இருக்கிறதென்ற அசட்டை என்று பிறரிடம் சொல்லிக்கொள்வேன். அது பாதி உண்மை. மறுபாதி, என் பாட்டியார் சிறுவயதில் சொல்லி வைத்தது: “அது அவங்க கோவிலு. நமக்கு அங்கே என்ன சோலி?” இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையைக் குருமடத்தில் பாடமாகவே படித்தேன், தேர்வும் எழுதினேன். பாட்டியின் பாடமோ தேர்வு எழுதாமலே மனத்தில் தங்கிவிட்டது.

சென்ற தை மாதத்தில்தான் அந்தத் தயக்கம் தீர்ந்தது. தீர்த்து வைத்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த கல்லுடைக்கும் பெரியவர் ஒருவர். வயது அறுபத்தாறு. பன்னிரண்டாம் வயதில் தம் தகப்பனாருக்குப் பின்னால் உளி பிடிக்கத் தொடங்கியவர். முதலில் ஊர் ஊராகச் சென்று அம்மி கொத்தினார், ஆட்டுக்கல் செய்தார், வாசற்படிக் கல்லும் கிணற்றுக்குத் தூண் கல்லும் அடித்துக் கொடுத்தார். அம்மியும் ஆட்டுக்கல்லும் வீடுகளிலிருந்து மறைந்தபின் கல் குவாரியில் கூலியாக நின்றார். பின்னர் ஜல்லி அரைக்கும் கிரஷரில் பல ஆண்டுகள். இரண்டாண்டுகளாக அவருக்கு இருமல் நிற்கவில்லை. கோவிலில் இருமும்போது முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் வாசற்படி அருகிலேயே நின்று திருப்பலி காண்பார். மகன் திருப்பூரில் வேலை செய்கிறான். ஆகவே நெஞ்சுப் படம் எடுக்கத் திருச்சிக்கு அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

விடியுமுன்னே புறப்பட்டோம். எட்டரை மணிக்கெல்லாம் படம் எடுத்தாயிற்று. “முடிவு நாலு மணிக்கு, அப்போது டாக்டரையும் பாருங்கள்” என்று கூறிவிட்டார்கள். நடுவே ஏழரை மணி நேரம். மருத்துவமனைத் திண்ணையில் உட்கார்ந்து கழிக்கலாம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பெரியவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டார்:

“சாமி, அந்த மலையைக் கிட்டப் போயி ஒரு தடவை பார்க்கணுங்க. அம்பது வருசத்துக்கு மேலே கல்லோட கெடந்தவன். ஊரெல்லாம் பேசுற கல்லை நான் தொட்டுப் பார்த்ததில்லீங்க.”

“உங்களுக்கு மூச்சு வாங்குமே, பெரியவரே. நானூறு படிக்கு மேலே இருக்கிறது.”

“முடிஞ்ச படி வரைக்கும் ஏறுவோங்க.”

அந்தச் சொல்லுக்கு மேல் மறுக்க என்னால் முடியவில்லை.

நகரப் பேருந்தில் மெயின் கார்டு கேட் வந்து இறங்கினோம். பழைய கோட்டைச் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டுவிட்டது. இந்த ஒரு வாயில்தான் கோட்டையென்ற பெயருக்குச் சாட்சியாக நிற்கிறது. முதலில் லூர்து அன்னை ஆலயத்துக்குள் நுழைந்து ஒரு பத்து மணி செபமாலை சொன்னோம். பிரான்சு நாட்டு லூர்து நகரின் ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயேசு சபையார் எழுப்பிய ஆலயம் இது. அவர்களது கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. நம் மறைமாவட்டம் நிறுவப்பட்ட ஆண்டு 1886. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பாறையின் நிழலில் வந்து குடியேறியவையே. தெப்பக்குளத்தருகே சுவார்ட்சு ஐயர் 1766-இல் கட்டிய சீர்திருத்த சபையாரின் ஆலயமும், சற்றுத் தள்ளி நத்தர்வலி தர்காவும் இருக்கின்றன.

பெரியவர் இவற்றைக் கேட்டுக்கொண்டாரே தவிர, அவர் கண் மேலேதான் இருந்தது. சுற்றிலும் சமவெளியாயிருக்க, நடுவில் ஒரே கட்டியாக எழுந்து நிற்கிறது பாறை. உயரம் 83 மீட்டர். பழைய அளவில் 273 அடி. மலை என்று சொல்லத்தக்க உயரமன்று. கொல்லிமலையையும் பச்சைமலையையும் பார்த்தவர்களுக்கு இது குன்றுதான். ஆயினும் பக்கத்தில் வேறு துணையில்லாததால் பெரிதாகத் தோன்றுகிறது.

சின்னக்கடை வீதி வழியாக மாணிக்க விநாயகர் சந்நிதிப் பக்கம் வந்து செருப்புகளைக் கழற்றி வைத்தோம். படிகள் பாறையை ஒட்டிக் கூரையிட்ட வழியாக மேலே செல்கின்றன. வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாகத் தீட்டியிருக்கிறார்கள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தாலும் உள்ளே குளிர்ச்சி. பல தலைமுறைகளின் கால்பட்டுக் கல் வழவழத்திருந்தது.

பத்துப் படி ஏறுவார், நிற்பார், சுவரைத் தடவுவார். மூச்சு வாங்குவதை மறைப்பதற்காகத் தடவுகிறார் என்று முதலில் நினைத்தேன். அப்படியன்று, அவர் படித்துக்கொண்டிருந்தார். நான் சுவடியைப் படிப்பதுபோல அவர் கல்லைப் படித்தார். “இது உளியடிங்க சாமி. வெடி வச்ச கல்லுன்னா உள்ளுக்குள்ளே மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஓடும். இதிலே ஒண்ணுமில்லை.” இன்னும் பத்துப் படி. “இந்தப் பலகைக்கல்லு நெருப்புப் போட்டு எடுத்தது மாதிரி இருக்கு.” அது எப்படி என்று கேட்டேன். பாறையின் மேல் விறகை அடுக்கி மெல்லச் சூடேற்றினால், மேலேடு மட்டும் விரிந்து, அடிப்பாறையை விட்டுப் பிரிந்து கொடுக்கும். சம்மட்டியால் தட்டிப் பார்த்து ஓசை மாறும் இடத்தைக் கண்டு, நெருப்பைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும் என்றார். அவருடைய தகப்பனார் அதில் தேர்ந்தவராம். “அப்பா காதாலேதான் கல்லெடுப்பாருங்க.”

ஓரிடத்தில் வழி குறுகி இருண்டது. 1849-ஆம் ஆண்டு பிள்ளையார் விழாவில் இம்மலையில் திரண்ட கூட்டத்தில் திடீரெனப் பீதி எழ, ஏறத்தாழ 250 பேர் நெரிபட்டு மாண்டனர் எனப் பழைய நூல்கள் குறிப்பிடுகின்றன. அதை நினைத்துக்கொண்டேன்; பெரியவரிடம் சொல்லவில்லை.

தாயுமானவர் கோவில் வாசலை அடைவதற்குள் அவர் நான்கு முறை உட்கார்ந்துவிட்டார். இந்துக்கள் அல்லாதார் உள்ளே செல்லலாகாதென்ற அறிவிப்பைக் கண்டேன். நாங்கள் வெளியே படியோரத்திலேயே இருந்துகொண்டோம். அதில் எனக்கு மனவருத்தம் ஏதுமில்லை. நற்கருணைப் பந்திக்கு நாமும் எல்லையிட்டுத்தானே வைத்திருக்கிறோம்!

அங்கே ஓர் அம்மையார் வாழைத்தார் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் இருமத் தொடங்கியதும், கேளாமலே தம் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். குடித்து முடிக்கும்வரை முதுகைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு என்னிடம், “ஏங்கய்யா, இந்தப் பெரியவர் உங்களைச் சாமி சாமின்னு கூப்பிடறாரே?” என்றார். அன்று நான் அங்கி அணியவில்லை. வேட்டியும் சட்டையுமாகவே இருந்தேன். “வேதக்கோவில் சாமியார் அம்மா இவரு” என்று பெரியவரே முந்திக்கொண்டார்.

எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “அப்படிங்களா! எங்க பக்கத்து வீட்டுலேயும் வேதக்காரங்கதான்” என்று கூறிவிட்டு, தம் மகளுக்குப் போன மாதம் சுகப்பிரசவம் ஆனதென்றும், அந்த நேர்த்திக்கடனுக்கே வாழைத்தார் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னார். தாயுமானவர் என்ற பெயர் வந்த கதையையும் அவர் வாயாலேயே கேட்டோம். இரத்தினாவதி என்றொரு பெண் பேறுகாலத்தில் தனியே இருந்தாள். உதவிக்கு வரப் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் புரண்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து கதவைத் தட்டியபோதுதான் முன்பு வந்தவர் யாரென்று மகளுக்குத் தெரிந்தது. இறைவாக்கினர் எசாயாவும் இறைவனைப் பெற்ற தாய்க்கு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார் என்பது உடனே என் நினைவுக்கு வந்தது. மறையுரை செய்யத் துடித்த நாவை அடக்கிக்கொண்டேன். அவர் கதை சொன்ன அழகுக்குமுன் என் விளக்கம் எடுபட்டிராது.

அதற்குமேல் சிறிது தூரம் ஏறியதும் பாறையைக் குடைந்த பல்லவர் குகை வந்தது. மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டுவித்தது. லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்பது அதன் பெயர். உள்ளே மேற்குச் சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் புடைப்புச் சிற்பம். தூண்களில் வடமொழிப் பாடல்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் செய்தி சுவையானது. தரையிலுள்ள கோவிலில் இருந்துகொண்டு சோழநாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எவ்வாறு காண்பேன் என்று இறைவன் கேட்டாராம். அதனால் மன்னன் மேகம் தொடும் இம்மலைமீது அவருக்கு இடம் அமைத்தானாம். ஆறுகளிடம் பிரியமுள்ள இறைவன் காவிரியின்மேல் மனம் வைத்துவிடக்கூடுமென்று அஞ்சி, மலைமகள் இங்கேயே வந்து தங்கி, இது பல்லவனுக்குரியவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நாட்டைப் பிடித்த மன்னன் ஆற்றையும் தனதென்று எழுதிக்கொண்ட விதம் இது! வேறு சமயத்திலிருந்து தான் மாறி வந்ததையும் அவன் அங்கே குறிப்பிடுகிறான். அதே பாறையின் உச்சிப் பக்கத்தில் சமண முனிவர் படுத்த கற்படுக்கைகள் உள்ளன. அங்கே பொறித்துள்ள ‘சிரா’ என்ற துறவியின் பெயரிலிருந்தே சிராப்பள்ளி என்ற ஊர்ப்பெயர் வந்ததென்பாரும் உண்டு. மன்னன் தன்னைப் பற்றிப் பாடல்கள் பொறித்தான். துறவிகள் படுக்கையருகே வெறும் பெயரைப் பொறித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பெரியவருக்குக் கல்வெட்டில் நாட்டமில்லை. தூணைத்தான் பார்த்தார். அடியும் தலையும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. “இது கட்டின தூண் இல்லீங்க சாமி. மீதியை எடுத்துட்டு இதை விட்டு வச்சிருக்காங்க. ஒரு அடி தப்பினா தூணு போச்சு. போச்சுன்னா போச்சுதான், மறுபடி வைக்க முடியாது.” சற்றுப் பொறுத்து, “எத்தனை பேரு எத்தனை வருசம் இருமியிருப்பாங்களோ!” என்றார்.

பல்லவர் கலையைப் பற்றி நான் படித்த நூல்கள் எதிலும் அந்த வாக்கியம் இல்லை.

அங்கே உட்கார்ந்தவர் எழவில்லை. உதடு சற்று நீலம் பாரித்திருந்தது. “நான் இங்கேயே இருக்கேன். நீங்க போயி உச்சியிலேருந்து பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்றார். விட்டுச் செல்ல எனக்கு மனமில்லை. வாழைத்தார் அம்மையார் வழிபாடு முடித்து அவ்வழியே வந்தவர், “நான் பக்கத்திலேயே இருக்கேன், போயிட்டு வாங்க” என்று உட்கார்ந்துகொண்டார்.

“என்ன பார்த்து வரட்டும், பெரியவரே? காவிரியா, சீரங்கமா?”

“நம்ம கரடு தெரியுதான்னு பாருங்க.”

இங்கே வாசகர்களுக்கு ஒரு செய்தி கூறவேண்டும். எங்கள் பங்கின் கிளைக்கிராமம் ஒன்றின் அருகே ஒரு சிறு கரடு இருந்தது. பெயர் சொல்லத்தக்க மலையன்று. ஆடு மேய்ப்பவர்களுக்கும் எங்களுக்கும்தான் அது தெரியும். அதன் தலையில் மரச்சிலுவை ஒன்று நட்டிருந்தார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாலை வெயில் தாழ்ந்ததும் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு மக்கள் அதன்மேல் ஏறுவார்கள். பதினான்காம் நிலை முடிந்து இறங்கும்போது இருட்டிவிடும். பிள்ளைகள் கையில் மெழுகுவத்தி இருக்கும். பின்னர் அங்கே கல்லெடுக்க உரிமம் வந்தது. ஓரத்தில்தான் எடுப்போம் என்றார்கள். நான் இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்தபோது பாதிக் கரடு நின்றது. இன்று அங்கிருப்பது ஒரு பள்ளம். மழைக்காலத்தில் பச்சை நீர் தேங்கி நிற்கும். அருகே போகாதீர்கள் என்று பிள்ளைகளை எச்சரிப்பது என் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளில் ஒன்றாகிவிட்டது. அந்தக் கரட்டில் துளை போட்டவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவர். வேறு வேலை கிடையாத ஊரில் அவரை யார் குறை சொல்லக்கூடும்? இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எங்கள் பங்கு மண்டபத்துக்குக் கூரை போட்ட ஆண்டில் ஜல்லி மலிவாகக் கிடைத்ததென்று நான் மகிழ்ந்து ஆயருக்குக் கடிதம் எழுதினேன். அது எந்தக் கரட்டின் ஜல்லி என்று எனக்கு அப்போதே தெரியும்.

தனியே ஏறினேன். கடைசிப் படிகள் கூரையின்றித் திறந்த பாறையில் செதுக்கியவை. காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. உச்சிப் பிள்ளையார் சந்நிதியைச் சுற்றியுள்ள இடத்தில் நின்று வடக்கே பார்த்தேன். காவிரியில் தண்ணீர் இருந்தது. மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் சனவரி 28-க்கு இன்னும் சில நாள்கள் இருந்தன. அப்பால் திருவரங்கத் தீவு. அதில் 1987-இல் கட்டி முடித்த 236 அடி இராசகோபுரம். அதற்கும் அப்பால் கொள்ளிடத்தின் மணல்வெளி. மேற்கே பழைய சோழர் தலைநகரான உறையூர் இன்று கூரைகளாக விரிந்து கிடக்கிறது. தென்கிழக்கே பொன்மலையும், 1928 முதல் அங்கே இயங்கும் இரயில்வே பணிமனையும். காலடியில் தெப்பக்குளம் ஒரு பச்சைச் சதுரமாகத் தெரிந்தது; லூர்து அன்னை ஆலயக் கோபுரம், கீழே நாங்கள் அண்ணாந்து பார்த்தது, இப்போது எனக்குக் கீழே இருந்தது. நாயக்கர் இந்தப் பாறையைக் காத்தனர். 1751-இலும் அடுத்த ஆண்டிலும் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வெளியே முற்றுகையிட, உள்ளே முகமது அலியும் ஆங்கிலேயரும் இருந்தனர். இதைப் பிடித்தவர்க்கே கருநாடகம் என்றிருந்த காலம் அது. இன்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியையைச் சுற்றி நின்று, தத்தம் வீடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

நானும் அதையேதான் தேடினேன். தென்மேற்கே திரும்பி வெகுநேரம் நின்றேன். விராலிமலை தெரியுமோ, அதற்கப்பால் துவரங்குறிச்சிப் பக்கத்துக் குன்றுகள் கோடாகவாவது தெரியுமோ என்று கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்தேன். தை மாதத்து மூட்டம். நகரின் எல்லைக் கட்டடங்களுக்கு அப்பால் வானமும் நிலமும் ஒரே சாம்பல் நிறம்.

அப்போது இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி நினைவுக்கு வந்தது. சமர்செட் நாட்டுப்புறத்தில், தாழ்ந்த புல்வெளிகளின் நடுவே, நம் மலைக்கோட்டையைப் போலவே துணையின்றி எழுந்து நிற்கும் குன்று அது. அதன் உச்சியில் அதிதூதரான மிக்கேலின் பெயரால் ஓர் ஆலயம் இருந்தது. எட்டாம் என்றி மன்னன் துறவு மடங்களைக் கலைத்த காலத்தில், 1539-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், அங்கிருந்த மடத்தின் முதிய தலைவர் ரிச்சர்டு வைட்டிங்கை அந்தக் குன்றின் மேலேயே இரு துறவியரோடு தூக்கிலிட்டார்கள். 1895-இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கியது. இன்று ஆலயத்தின் கோபுரம் மட்டும் கூரையின்றி நிற்க, பலதரப்பட்ட மக்களும் காற்று வாங்க அங்கே ஏறுகிறார்கள். படித்தபோது கொடுமையான வரலாறென்று எனக்குத் தோன்றியது. அன்று உச்சியில் நின்றபோது வேறு விதமாகத் தோன்றியது: ஆலயம் போயிற்று, குன்று நிற்கிறது. ஏறுவதற்கு ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது.

இறங்கி வந்தேன். பெரியவர் அம்மையாரோடு பேசிக்கொண்டிருந்தார். வாழைப்பழம் இரண்டு அவர் மடியில் இருந்தன.

“தெரிஞ்சுதுங்களா சாமி?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாவில் வரவில்லை. “தெரியவில்லை. ஒரே மூட்டம்” என்றேன்.

“முழுசா இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதுங்க. அது சின்னக் கரடு” என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

இறங்கும்போது அவருக்கு மூச்சு அவ்வளவாக வாங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வைத்தார். பாதி வழியில் நின்று கேட்டார்: “இத்தனை பெரிய கல்லு, ஊருக்கு நடுவிலே, ரோட்டுமேலே இருக்கு. இதை ஏன் சாமி யாரும் உடைக்கலே?”

“கோவில் இருக்கிறதே, பெரியவரே. யார் கை வைப்பார்கள்?”

“நம்ம கரட்டு மேலே சிலுவை இருந்துச்சுங்களே.”

முப்பதாண்டுகளாக மறையுரை ஆற்றிவருகிறேன். அதற்குச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கீழே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டோம். சின்னக்கடை வீதியில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் இரண்டு இட்டிலியோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

நான்கு மணிக்கு மருத்துவர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இளைஞர், பொறுமையாகவே பேசினார். நுரையீரலின் மேற்பகுதியில் இருபுறமும் சிறு சிறு புள்ளிகள். கல்லுடைக்கும்போது பறக்கும் மணிக்கல் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள்தான் ஆழத்துக்குச் செல்லும். சென்ற இடத்தில் புண்ணாகித் தழும்பாகும். தழும்பான நுரையீரல் விரியாது. சிலிகோசிஸ் என்பது நோயின் பெயர். போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்தில்லை. இனித் தூசி படாமல் காத்துக்கொள்ளலாம். இந்நோய் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றுமாதலால் சளியையும் சோதிக்கவேண்டும் என்றார். கிரஷரில் முகமூடி தந்தார்களா என்று கேட்டார். “துண்டைக் கட்டிக்குவோங்க” என்றார் பெரியவர். துணி அந்த நுண்தூசியைத் தடுக்காது. வெட்டுமிடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் தூசி எழாமல் பெருமளவு அடங்கும். அதைத்தான் முதலாளிகள் செய்திருக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். பெரியவர் அந்த ஒரு சொல்லை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டதை நான் அப்போது உணரவில்லை.

திரும்பும் பேருந்தில் படம் இருந்த பெரிய உறையை மடியில் வைத்தபடி தூங்கிப்போனார். விராலிமலை கடந்தபோது விழித்து, சன்னல் வழியே இருட்டில் அந்த மலையின் விளக்குகளைப் பார்த்தார். ஊர் நெருங்கும்போதுதான் பேசினார். பள்ளத்தின் வடக்கு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை உடைபடாமல் நிற்கிறதாம். குவாரிக்காரர்கள் விட்டுப்போனது, உள்ளே விரிசலில்லாத நல்ல கல்லாம். அதன் முகத்தில் ஒரு சிலுவை வெட்டிவிட்டால் தவக்காலத்தில் பிள்ளைகள் அதுவரையிலாவது நடந்து வரலாமே என்றார். பழைய உளிகளை இருமல் முற்றிய நாளில் மருமகள் எடைக்குப் போட்டுவிட்டாளாம். “நீங்க ரெண்டு உளி மட்டும் வாங்கிக் குடுத்தாப் போதுங்க. டாக்டர் சொன்ன மாதிரி தண்ணி ஊத்தி ஊத்திக் கொத்திடுறேன்.”

டாக்டர் உங்களுக்காக அதைச் சொல்லவில்லை என்றேன். வேறு கல்தச்சரை அமர்த்தி வெட்டச் சொல்வோம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள் என்றேன். “அதை உடைச்சவன் நானுங்களே” என்றார்.

மணப்பாறையில் இரும்புக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று நின்று வந்துவிடுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமையும் திருப்பலி முடிந்ததும் வாசற்படியருகே நின்றுகொண்டு கேட்டார்.